வந்த முதலீடும் நின்ற வேலையும்



2024 ஜனவரியில் சென்னையில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு முடிந்ததும் எல்லா நாளிதழ்களிலும் இரண்டு எண்கள் வந்தன. புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் மதிப்பு 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய். அதனால் நேரடியாகவும் மறைமுகமாகவும் வேலை பெறப்போகிறவர்கள் ஏறக்குறைய 27 லட்சம் பேர். இரண்டையும் அருகருகே படிக்கும்போது இத்தனை கோடிக்கு இத்தனை வேலை என்று மனம் தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்நிய முதலீட்டால் வேலை கிடைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு வேலை, யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் பணத்தின் அளவு முடிவுசெய்வதில்லை. எந்த நிபந்தனையோடு அந்தப் பணம் உள்ளே வந்தது என்பதே முடிவுசெய்கிறது. இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து இது ஒன்றே. சான்றுக்கு நெடுந்தூரம் போக வேண்டாம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை, கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்ததே போதுமானது.

முதலில் அந்நிய முதலீடு என்ற தலைப்பில் எதையெல்லாம் எண்ணுகிறோம் என்று பார்த்துவிடுவோம். 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கியது. 2020-இல் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸின் ஏறக்குறைய பத்து சதவீதப் பங்குக்கு ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்தது. இவ்விரண்டும் அந்நிய நேரடி முதலீடுதான். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நிறுவனத்தில் உரிமை கைமாறுவதற்கும், வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் புதிய ஆலை எழுவதற்கும் வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு உண்டு. தேசியக் கணக்கில் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024-25-இல் இந்தியாவுக்குள் வந்த மொத்த நேரடி முதலீடு 8,100 கோடி டாலர். அதே ஆண்டில் அந்நிய நிறுவனங்கள் பங்கை விற்று எடுத்துப் போனதையும், இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் முதலீடு செய்ததையும் கழித்தால், நிகரமாக மிஞ்சியது நூறு கோடி டாலருக்கும் கீழ் என்பது ரிசர்வ் வங்கியின் கணக்கு. வந்தவர் திரும்பிப் போக முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அடுத்தவர் வருவார் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அது நியாயமான விளக்கம். ஆனால் உள்ளே வந்த தொகையை மட்டும் சொல்லி வேலையைப் பெருக்கிக் காட்டுவது முழுக் கணக்கு ஆகாது.

இனி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். நோக்கியா ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே உலகின் மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. உச்சத்தில் இருந்தபோது நேரடியாக மட்டும் எட்டாயிரம் பேர் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்து, காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள். அவர்களில் பலருடைய வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவர்தான். அந்தச் சம்பளத்தால் ஒரு தலைமுறைப் பெண்களுக்குத் திருமண வயது தள்ளிப்போனது, தம்பி தங்கையின் படிப்பு நடந்தது. இதைச் சிறிய விஷயமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 2014 நவம்பர் 1-ஆம் தேதி அந்த ஆலை மூடப்பட்டது. எட்டரை ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான வாழ்வு.

மூடப்பட்டதற்கு வரி வழக்கே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகக் கொடுத்த பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று வருமானவரித் துறை 2013-இல் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. மாநில அரசும் தன் பங்குக்கு விற்பனை வரி கேட்டது. சொத்து முடக்கப்பட்டதால், நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலை மட்டும் விற்பனையிலிருந்து விடுபட்டுப்போனது. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்காகச் செய்து கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தம் நின்றதும் கதவு மூடியது. வரி வழக்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் ஒரே வாங்குபவர், ஒரே வகைப் பொருள் என்று இருந்த ஆலை அது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்தபின் அந்தப் பொருளின் சந்தையே சுருங்கிக்கொண்டிருந்தது. வழக்கே இல்லாதிருந்தாலும் அந்த ஆலை அதே ஆட்களோடு நெடுங்காலம் ஓடியிருக்கும் என்று நம்புவதற்கு எனக்கு ஆதாரம் தெரியவில்லை. நாம் கவனிக்க வேண்டியது மூடியபின் நடந்ததைத்தான். அதே வளாகத்தில் பாகம் செய்து கொடுத்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த ஆண்டு இறுதியிலேயே உற்பத்தியை நிறுத்தியது. நோக்கியாவின் கட்டடத்தை எடுத்து நடத்த சால்காம்ப் என்ற சார்ஜர் நிறுவனம் முன்வந்த செய்தி 2019-இல்தான் வந்தது. ஐந்தாண்டுகள் அந்த லைன்கள் வெறுமனே கிடந்தன. விருப்ப ஓய்வுப் (வி.ஆர்.எஸ்.) பணம் வாங்கிக்கொண்டு வெளியேறிய இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, அவர் கற்ற தொழிலை வேறிடத்தில் செய்ய அந்த வட்டாரத்தில் அந்த அளவுக்குப் பெரிய வேறு கைப்பேசி ஆலை இல்லை.

இதே வட்டாரத்தில் கார் தொழிலும் இருக்கிறது. ஹூண்டாய் 1996-இல் வந்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு இயங்கியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையோடு மறைமலைநகரில் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு அது பெரிய இழப்பு. உரிய இழப்பீட்டுக்காக அவர்கள் போராட வேண்டியிருந்தது. ஆனால் ஃபோர்டு போனதால் சென்னையின் உதிரிப்பாகத் தொழில் சாய்ந்துவிடவில்லை. பிரேக்கும் இருக்கையும் கண்ணாடியும் வயரிங்கும் செய்து கொடுத்த வெண்டார்களுக்கு ஹூண்டாய் இருந்தது, ஒரகடத்தில் ரெனோ-நிசான் இருந்தது, அசோக் லேலண்ட் இருந்தது, ஏற்றுமதி இருந்தது. நோக்கியா போனபோது அதைச் சுற்றியிருந்தவை தடுமாறின. ஃபோர்டு போனபோது சுற்றியிருந்தவை நிலைத்து நின்றன.

ஏன் இந்த வேறுபாடு? கார் என்பது கனமான பொருள், பாகங்களை அருகிலேயே செய்தால்தான் கட்டுப்படியாகும், கைப்பேசிப் பாகம் விமானத்தில் வரும் என்பார்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதி நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1990-களில் கார் நிறுவனங்கள் உள்ளே வந்தபோது மத்திய அரசு அவற்றிடம் கையெழுத்து வாங்கியது. 1997 டிசம்பரில் வெளியான அறிவிக்கையின்படி, பாகங்களை இறக்குமதி செய்து பூட்ட விரும்பும் நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்குள் 50 சதவீதமும் ஐந்து ஆண்டுகளுக்குள் 70 சதவீதமும் உள்நாட்டுப் பாகங்களுக்கு மாற வேண்டும். இறக்குமதிக்கு ஈடாக ஏற்றுமதியும் செய்ய வேண்டும். முழுதாகச் செய்த காருக்கு உயர்ந்த சுங்கவரி இருந்தது. இதற்கு நேர்மாறாக, 1997-இல் இந்தியா கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்பப் பொருள் உடன்படிக்கை மின்னணுப் பொருள்கள் பலவற்றுக்கு 2005-க்குள் சுங்கவரியைப் பூஜ்யமாக்கச் சொன்னது. நோக்கியா வந்த நேரம் அது. போதாக்குறைக்குச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் சலுகைகளும் இருந்தன. உள்ளூரில் ஒரு சர்க்யூட் போர்டு செய்பவரைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, தரத்துக்குக் கொண்டுவர வேண்டிய அவசியம் எதுவும் அந்த நிறுவனத்துக்கு ஏற்படவில்லை. அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. கேட்காததை எந்த நிறுவனமும் தராது.

இன்னொன்றும் உண்டு, அதை மறந்தால் கார் கதை பொய்யாகிவிடும். ஹூண்டாய் வந்து இறங்கியபோது சென்னை வெறும் நிலமாக இருக்கவில்லை. அசோக் லேலண்ட் 1948-லிருந்தே இருந்தது. அம்பத்தூரிலும் பாடியிலும் டி.வி.எஸ்., முருகப்பா குழும ஆலைகளும் அவற்றை நம்பிய நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் மூன்று தலைமுறை டர்னர், ஃபிட்டர், டூல்மேக்கர்களை உருவாக்கியிருந்தன. சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990-களிலேயே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. சுந்தரம் கிளேட்டன் 1998-இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. ஐடிஐ-களும் பாலிடெக்னிக்குகளும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தன. வெளியிலிருந்து வந்த முதலீடு இந்த நிலத்தில் நடப்பட்டதால் வேர்விட்டது. கொரியாவிலிருந்து ஹூண்டாயோடு கூடவே வந்த வெண்டார்கள் ஏராளம் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்களும் இங்கேயே அச்சு வார்த்து, இங்கேயே ஆள் எடுத்து, நாளடைவில் மற்றவர்களுக்கும் விற்கத் தொடங்கியபோது, ஒரு நிறுவனத்தின் விதியோடு கட்டுண்ட வேலையாக அது இல்லாமல் போனது.

இப்போது மறுபடியும் கைப்பேசியின் காலம். ஃபாக்ஸ்கான், பெகாட்ரான், டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று காஞ்சிபுரம் மாவட்டத்திலும் ஓசூர்ப் பக்கத்திலும் பெரிய ஆலைகள் எழுந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2022-23-இல் 537 கோடி டாலராக இருந்து, 2023-24-இல் 956 கோடியாகி, 2024-25-இல் 1,465 கோடி டாலரைத் தொட்டது. இரண்டே ஆண்டில் இப்படி ஒரு வளர்ச்சி நம் தொழில் வரலாற்றில் அரிது. ஆனால் பழைய பலவீனம் இன்னும் தீரவில்லை. சிப், திரை, கேமரா ஆகியவற்றில் மிகப் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. நாம் செய்வது பெரும்பாலும் பூட்டும் வேலை. 2025 ஜூலையில், ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது, உற்பத்தி பாதிக்குமா என்ற கவலை உடனே எழுந்தது. லைனை நிறுவிச் சீராக ஓட்டும் அறிவு இன்னும் முழுதாக நம்மிடம் வந்து சேரவில்லை என்பதற்கு அந்தக் கவலையே சாட்சி. மாநில அரசு 2025 ஏப்ரலில் மின்னணு உதிரிப்பாகங்களுக்கென்று தனித் திட்டம் அறிவித்தது இந்தக் குறையை உணர்ந்துதான். அதை மனமார வரவேற்கிறேன். சரியான திசை அது.

வேலையின் தரத்துக்கு வருகிறேன். தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு ஒரு கவலையான போக்கைக் காட்டுகிறது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர். இன்று அது நாற்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இது அந்நிய நிறுவனங்களின் பழக்கம் மட்டும் இல்லை. நம் நாட்டு நிறுவனங்களும் அதையே செய்கின்றன. ஆனால் முதலீட்டை அழைக்கும்போது நாம் எண்ணுகிற ‘வேலை’ எது என்ற கேள்வியை இது எழுப்புகிறது. ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்து, பதினோராவது மாதம் வெளியேறும் ஒருவரும், பின் அவரிடத்தில் வரும் இன்னொருவரும் இரண்டு வேலைகளா? 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. காரணம் ஊதியம் அன்று. காண்ட்ராக்டர் நடத்திய விடுதியில் உண்ட உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஆலை பல நாள் மூடிக் கிடந்தது. அங்கே ஐபோன் செய்யவைத்த ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அதன்பின் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொழிலாளர் எங்கே தூங்குகிறார், எதை உண்கிறார் என்பதும் தொழில் கொள்கையின் பகுதி என்று ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் சாலையில் உட்கார்ந்த பிறகுதானா அதை ஏற்க வேண்டும்?

இந்த இடத்தில் மூன்று மறுப்புகள் வரும்; மூன்றும் மதிக்கத்தக்கவை. முதலாவது: நிபந்தனை போட்டால் நிறுவனம் ஆந்திராவுக்குப் போகும், வியட்நாமுக்குப் போகும். இந்த அச்சத்துக்கு ஒரு சோதனை நம் கண்முன்னே நடந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தத்தை நிறைவேற்றியது. கர்நாடகம் அதற்குச் சற்று முன்பே அப்படி ஒரு சட்டம் செய்திருந்தது. முதலீட்டை ஈர்க்க இது அவசியம் என்று சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் சில நாள்களிலேயே அது கைவிடப்பட்டது. நான் சற்றுமுன் சொன்ன 956 கோடியும் 1,465 கோடியும் அந்தத் திருத்தம் கைவிடப்பட்டதற்குப் பிறகு வந்த எண்கள். இன்னொரு சோதனை: 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது, சங்கத்தைப் பதிவு செய்வதே மையக் கோரிக்கை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதே ஆண்டு ஏப்ரலில், சாம்சங் அதே ஆலையில் மேலும் ஆயிரம் கோடி ரூபாய் முதலிடுவதாக மாநிலத் தொழில்துறை அமைச்சர் அறிவித்தார். துறைமுகம், மின்சாரம், படித்த பெண்கள், பழகிய வெண்டார்கள் ஆகியவற்றைப் பார்த்து வருகிற நிறுவனம், சங்கம் இருப்பதால் மட்டும் ஓடிவிடுவதில்லை. அந்த அறிவிப்பில் இன்னொரு பாடமும் இருந்தது. ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சொல்லப்பட்ட கூடுதல் வேலை வெறும் நூறு. இயந்திரங்கள் நிறைந்த ஆலையில் முதலீடும் வேலையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: உள்நாட்டுப் பாகம் கட்டாயம் என்று இன்று சொல்ல முடியாது. உண்மை. நான் சொன்ன கார் நிபந்தனைகளை எதிர்த்து அமெரிக்காவும் ஐரோப்பிய சமூகமும் உலக வணிக அமைப்புக்குப் போயின. 2001 இறுதியில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. சூரிய மின்கலங்களுக்கு அப்படி ஒரு விதி வைத்து 2016-இல் மறுபடியும் தோற்றோம். அந்தக் கதவு சாத்தப்பட்டதுதான். ஆனால் பயிற்சிக்கும், உள்ளூர்ச் சிறு நிறுவனங்களின் தரத்தை உயர்த்தவும், ஆராய்ச்சிக்கும் அரசு செலவிடுவதை அந்தத் தீர்ப்புகள் தடுக்கவில்லை. கோஸ்டா ரிக்கா என்ற சின்னஞ்சிறு நாடு இதைத்தான் செய்தது. 1990-களின் இறுதியில் இன்டெல் அங்கே சிப் பூட்டும் ஆலை தொடங்கியது. ஒரு கட்டத்தில் நாட்டின் ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஆலையினுடையது. அரசு அந்த நிறுவனத்துக்கென்று தனிச் சலுகைகளைக் குவிக்காமல், தொழிற்கல்விப் பாடத்திட்டங்களைத் திருத்துவதில் கவனம் வைத்தது. 2014-இல் இன்டெல் அந்தப் பூட்டும் பிரிவை மூடியபோது 1,500 பேர் வேலை இழந்தார்கள். ஆனால் பொறியியல் மையம் அங்கேயே நின்றது. அந்தப் பயிற்சி பெற்ற கைகள் நாட்டில் இருந்தன. இன்று மருத்துவக் கருவிகளே அந்நாட்டின் தலையாய ஏற்றுமதிப் பொருள். பின்னாளில் இன்டெல் திரும்பி வந்தது, 2025-இல் மறுபடியும் வெளியேற்றத்தை அறிவித்தது. ஒரு நிறுவனத்தைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் வல்லமை எந்த அரசுக்கும் இல்லை. அது விட்டுப்போகும் அறிவை நாட்டில் தக்கவைக்கும் வல்லமை உண்டு.

மூன்றாவது: வேலையே இல்லாததைவிட காண்ட்ராக்ட் வேலை மேல். விவசாயக் கூலியோடு ஒப்பிட்டால் இது சரிதான். அப்படி வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடம் போய் இதை மறுத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒப்பீட்டை அங்கேயே நிறுத்த முடியாது. பொது நிலம், பொதுத் தண்ணீர், திருப்பித் தரப்படும் மாநில வரி என்று மக்கள் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அழைக்கப்பட்ட வேலை இது. மக்கள் கொடுத்த விலைக்கு உரிய பொருள் கிடைத்ததா என்று கேட்பது தொழில் விரோதம் ஆகாது. நூறு கோடி சலுகை பெற்ற ஓர் ஆலை ஆயிரம் பேருக்குப் பத்தாண்டு வேலை தருவதும், அதே ஆயிரம் இடங்களில் ஓராண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றிப் பத்தாயிரம் பேர் என்று காட்டுவதும் ஒன்றாக எண்ணப்படும்வரை, நிறுவனங்கள் எளிதானதையே தேர்ந்தெடுக்கும்.

ஆகவே சலுகையை முதலீட்டுத் தொகையோடு பிணைக்காமல், மனித-ஆண்டுகளோடு பிணைக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. மாநிலத்தின் தொழில் கொள்கையில் வேலை எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை நிரந்தரமா, பயிற்சியாளரா, காண்ட்ராக்டா என்று பிரித்துக் கேட்க வேண்டும். நிரந்தரப் பட்டியலில் உள்ள ஒருவர் வேலையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சலுகையின் ஒரு பங்கு விடுவிக்கப்படட்டும். உள்ளூர் நிறுவனத்தைத் தரத்துக்கு உயர்த்தியதற்கு ஒரு பங்கு, இங்குள்ள பொறியாளரை லைன் பொறுப்புக்கு உயர்த்தியதற்கு ஒரு பங்கு என்று இருக்கட்டும். மூடிச் செல்லும் நிலை வந்தால், தொழிலாளருக்கு மறுபயிற்சி தரும் செலவை ஈடுகட்ட, பெற்ற சலுகையிலிருந்து ஒரு பகுதி தனி நிதியாக முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். 2009-இல் அயர்லாந்தின் லிமெரிக்கிலிருந்து டெல் நிறுவனம் தன் உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றியபோது ஏறக்குறைய 1,900 பேர் வேலை இழந்தார்கள். அவர்களுக்கும் துணை நிறுவனத் தொழிலாளருக்கும் மறுபயிற்சி தர ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2014-இல் வெளியேறியவர்களுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு; அது எளிதும்கூட. ஒவ்வொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கும் நேரே, சொன்ன முதலீடு எவ்வளவு, வந்தது எவ்வளவு, சொன்ன வேலை எத்தனை, பி.எஃப். கணக்குப்படி இன்று வேலையில் இருப்போர் எத்தனை, அவர்களில் காண்ட்ராக்டில் எத்தனை பேர், அரசு இதுவரை விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று ஒரு பட்டியல் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தொழில்துறை மானியக் கோரிக்கை வரும்போது ஆண்டுதோறும் ஓர் இணைப்பாகச் சட்டப்பேரவையில் வைத்தால் போதும். ஆட்சியில் யார் இருந்தாலும் இதைக் கேட்க வேண்டும். உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு இதைக் கேட்டு எழுதுங்கள். பதில் வரும்வரை விடாமல் எழுதுங்கள்.